அல்ஹம்ப்ரா அரண்மனையும் தோட்டங்களும்: போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தெற்கே அண்டலூசியா பகுதியில், கிரனாடா நகரத்துக்கு மேலே சபிகா என்ற குன்றின் மீது இருக்கிறது அல்ஹம்ப்ரா. அதன் பின்னால் சியர்ரா நெவாடா மலைத்தொடர். வசந்தகாலம் பிறந்த பிறகும் உச்சியில் பனி கிடக்கும். கோட்டை, அரண்மனைகள், குளங்கள், தோட்டங்கள் எல்லாம் ஒரே மதிலுக்குள் அடங்கிய சிறு நகரம் என்று சொல்லலாம். மாட்ரிட், பார்சிலோனாவோடு பயணத்தை முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் எப்படியாவது கிரனாடாவுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். அங்கே எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார்கள். அது சரிதான், ஆனால் தண்ணீரையும் பாருங்கள். அது எங்கே நுழைகிறது, எங்கே அடங்குகிறது, எங்கே மறுபடி தலைகாட்டுகிறது என்று தொடர்ந்து போனால் இந்த இடத்தைக் கட்டியவர்கள் மனதில் இருந்தது தானாகப் புரியும்.

யார் கட்டியது, எப்போது?

711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியைப் பிடித்தன. பிறகு வந்த நூற்றாண்டுகளில் வடக்கிலிருந்து கிறிஸ்தவ அரசர்கள் ஊர் ஊராக மீட்டுக்கொண்டே வந்தார்கள். கோர்தோபா 1236-இலும், செவில்லா 1248-இலும் அவர்கள் கைக்குப் போயின. எஞ்சியது கிரனாடா. அதை ஆண்ட நஸ்ரித் வம்சத்தின் முதல் அரசர் முதலாம் முகம்மது, 1238-இல் இந்தக் குன்றில் கட்டுமானத்தைத் தொடங்கினார். வடக்கே கஸ்தீலியாவை ஆண்ட கிறிஸ்தவ அரசர்களுக்குக் கப்பம் கட்டியும் சமயம் பார்த்து உடன்படிக்கை செய்தும் அந்தச் சிறு அரசு ஏறத்தாழ 250 வருடம் தாக்குப் பிடித்தது.

நாம் இன்று வியந்து பார்க்கும் பகுதிகளில் பெரும்பாலானவை 14-ஆம் நூற்றாண்டின் இரண்டு அரசர்கள் காலத்தவை: முதலாம் யூசுப் (1333–1354), அவர் மகன் ஐந்தாம் முகம்மது. 1492 ஜனவரி 2 அன்று கடைசி அரசர் போப்தில் நகரத்தைக் கிறிஸ்தவ அரச தம்பதியான ஃபெர்டினான்ட், இசபெல்லா இருவரிடமும் ஒப்படைத்தார். அதே வருடம் மார்ச் 31 அன்று, ஸ்பெயினின் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணையில் அந்த இருவரும் கையெழுத்திட்டது இதே அல்ஹம்ப்ராவில்தான். இவ்வளவு அழகான இடத்தில் நிற்கும்போது அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

டிக்கெட் எப்படி வாங்குவது? அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

அந்த நம்பிக்கையில் போகாதீர்கள். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பயணத் தேதி முடிவானதும் விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டிய வேலை இது.

அல்ஹம்ப்ராவை நிர்வகிக்கும் அரசு அமைப்பின் அதிகாரபூர்வ தளத்தில் வாங்குங்கள். தேடினால் முதலில் கண்ணில் படுபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். விலை கூடுதலாக இருக்கும். நேரடியாக வாங்கினால் முழு டிக்கெட் ஒருவருக்கு ஏறத்தாழ 20 யூரோ அளவில் வரும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர்கள் பெயரிலும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

வாங்கும்போது டிக்கெட்டின் வகையைக் கவனியுங்கள். பொது டிக்கெட் என்பதில்தான் நஸ்ரித் அரண்மனைகள், அல்கசாபா கோட்டை, ஹெனரலீஃபே தோட்டம் மூன்றும் அடங்கும். "தோட்டங்கள்" என்று போட்டிருக்கும் டிக்கெட்டில் அரண்மனைகள் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, சிங்க முற்றத்தின் வாசலில் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

இன்னொன்று: டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். உள்ளேயும் சில இடங்களில் கேட்பார்கள்.

டிக்கெட்டில் ஒரு நேரம் அச்சாகியிருக்கிறதே, அது என்ன?

நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம். அந்த அரைமணி நேரத்துக்குள் நுழைந்தாக வேண்டும். தவறினால் பெரும்பாலும் விடமாட்டார்கள். உள்ளே போன பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். மற்ற பகுதிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை, அன்று திறந்திருக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

டிக்கெட் கிடைக்கவே இல்லை. என்ன செய்வது?

தளத்தை அடிக்கடி திறந்து பாருங்கள். ரத்தாகும் டிக்கெட்டுகள் திரும்ப வரும். இரவு நுழைவு டிக்கெட் சில சமயம் எளிதாகக் கிடைக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், டிக்கெட்டே இல்லாமல் நுழையக்கூடிய பகுதிகளும் இருக்கின்றன. 1348-இல் கட்டிய நீதி வாயில், ஒயின் வாயில், பின்னாளில் ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் கட்டிய அரண்மனையின் வட்ட முற்றம், ராயல் தெருவும் அதிலுள்ள பழைய மசூதியின் குளியல் கூடமும் எல்லோருக்கும் திறந்தவை. தோட்டங்கள் டிக்கெட்டாவது எடுத்துக்கொண்டால் ஹெனரலீஃபேயைப் பார்த்துவிடலாம். அதுவே போன பயணத்துக்கு நியாயம் செய்யும்.

எப்படிப் போய்ச் சேர்வது? எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும்?

மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரம் போல ஆகும். மலாகாவிலிருந்து பேருந்து வசதி. கிரனாடா நகருக்குள் இசபெல் லா கத்தோலிகா சதுக்கத்திலிருந்து சி30, சி32 என்ற சிறு பேருந்துகள் குன்றின் மேலே போகின்றன. கால் வலு உள்ளவர்கள் கோமேரெஸ் (Gomérez) ஏற்றம் வழியாக நடந்து போகலாம். மாதுளை வாயிலைத் தாண்டியதும் இருபுறமும் அடர்ந்த மரங்கள், பாதையோரம் சலசலத்து இறங்கும் வாய்க்கால். இருபது முப்பது நிமிட ஏற்றம்.

முதன்மை நுழைவாயில் கிழக்குக் கோடியில், ஹெனரலீஃபே பக்கம் இருக்கிறது. நஸ்ரித் அரண்மனைகளோ மேற்குப் பக்கம். நடுவே கால்மணி நேர நடை. நேரத்துக்குள் நுழைய முடியாமல் தவிக்கும் பலருக்கு இந்தத் தூரம் தெரிந்திருக்காது. டிக்கெட் கையில் இருந்தால் நீதி வாயில் வழியாக ஏறுங்கள், அங்கிருந்து அரண்மனைகள் பக்கம்.

எவ்வளவு நேரம் வேண்டும்? எதை முதலில் பார்ப்பது?

மூன்று மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஐந்து மணி நேரம் வைத்துக்கொண்டால் பார்த்தோம் என்று சொல்லலாம். காலை எட்டரைக்கு திறக்கிறார்கள். முடிந்தால் அந்த முதல் நேரத்தையே அரண்மனைகளுக்கு எடுங்கள்: குழுக்கள் வந்து நிறையுமுன் அரண்மனைக்குள் இருக்கும் கோமாரெஸ் (Comares) முற்றத்துக் குளத்தருகே நிற்க முடியும். பிறகு பர்தால் (Partal) என்ற பழைய மாளிகைப் பகுதி வழியாகக் கோட்டை அல்லது தோட்டம், உங்கள் வசதிப்படி. மதிய நேரம் கிடைத்தால் காலையில் தோட்டத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

அரண்மனைகளுக்குள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வருவது மெஷுவார். மன்றமாகவும் வழக்கு விசாரிக்கும் இடமாகவும் இருந்தது. பின்னால் தேவாலயமாக மாற்றியதால் நிறைய மாறிவிட்டது. அதைத் தாண்டி ஒரு சிறு முற்றம், எதிரே தரையிலிருந்து கூரை வரை சுதைவேலை செய்த சுவர். அதில் ஒரே மாதிரி இரண்டு கதவுகள். எது அரசரிடம் கொண்டு போகும் என்று வெளியாள் சொல்ல முடியாது. உள்ளே போகும் வழியும் நேராக இல்லை, வளைந்து இருட்டாகப் போய் சட்டென்று வெளிச்சத்தில் கொண்டுவிடும்.

அந்த வெளிச்சம்தான் கோமாரெஸ் முற்றம். நடுவே நீண்ட குளம், இரு கரையிலும் மிர்ட்டில் செடிவேலி, எதிரே 45 மீட்டர் உயரக் கோபுரம் தலைகீழாகத் தண்ணீரில். இங்கே எல்லோரும் அந்தப் பிரதிபலிப்பைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் குனிந்து குளத்தின் முனையைப் பாருங்கள். தரையோடு தரையாக வட்டப் பளிங்குக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஊற்று அதில் மெல்லப் பொங்கி, குறுகிய வாய்க்காலில் வழிந்து, வேகம் தணிந்த பிறகே குளத்தில் சேர்கிறது. தண்ணீர் சதா வந்துகொண்டே இருக்கிறது, மேற்பரப்பில் அலை இல்லை. குளம் கண்ணாடியாக நிற்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

கோபுரத்துக்குள் அரசர் கொலுவிருந்த மண்டபம். மரக்கூரையில் 8,000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை நட்சத்திர வடிவங்களாகக் கோத்து, குர்ஆன் சொல்லும் ஏழு வானங்களைக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்திய நீண்ட அறையின் கூரை 1890-இல் தீயில் கருகியது. இப்போது இருப்பது மறுபடி செய்தது.

சுவர்களைப் பார்க்க ஒரு ஒழுங்கு உண்டு. அடியில் ஆள் மார்பளவு வரை வண்ண ஓடுகள், நடுவில் சுதை, மேலே மரம். சுற்று மதில்கள் மண்ணும் சுண்ணாம்பும் கெட்டித்தவை. கல்லில் எழுப்பிய பிரம்மாண்டம் இங்கே இல்லை. கைக்கு எட்டும் எளிய பொருளில், உளியும் அச்சும் கொண்டு, இவ்வளவு நுணுக்கத்தை வரவழைத்தார்கள். அதனால்தான் சுவரைத் தொடாதீர்கள் என்று காவலர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே சுதைக்குக் கேடு.

சிங்க முற்றம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஐந்தாம் முகம்மது கட்டியது. மெல்லிய பளிங்குத் தூண்கள் 124, ஒற்றையாகவும் இரட்டையாகவும் நின்று முற்றத்தைச் சூழ்கின்றன. தூணுக்கும் போதிகைக்கும் இடையில் மெல்லிய ஈயத்தகடு வைத்திருப்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். நில அதிர்வு வரும் ஊர் இது. தகடு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

நடுவில் 12 சிங்கங்கள் முதுகில் தாங்கும் கல்தொட்டி. சிங்கங்கள் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. முகமும் பிடரியும் மாறும். பல வருடச் சீரமைப்புக்குப் பிறகு 2012-இல்தான் மறுபடி முற்றத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியது, தரையும் வெள்ளைப் பளிங்கானது. தொட்டியின் விளிம்பைச் சுற்றி இப்னு சம்ரக் என்ற கவிஞரின் வரிகள் செதுக்கியிருக்கின்றன. பளிங்கும் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரிவதால் இவற்றில் எது ஓடுகிறது என்று தெரியவில்லை என்பது அதில் வரும் கற்பனை. அந்தத் தொட்டியின் முன்னே நின்றால் அது உண்மைதான் என்று படும்.

இங்கே வடக்கிலும் தெற்கிலும் அறைகளுக்குள்ளேயே ஊற்றுகள் இருக்கின்றன. அறையின் தரையில் பொங்கும் நீர், பளிங்கில் வெட்டிய விரற்கடை ஆழ வாய்க்காலில் ஓடி, படியிறங்கி, வாசலைத் தாண்டி, சிங்கங்களை நோக்கி வருகிறது. உள்ளே, வெளியே என்ற பிரிவை அந்தச் சிறு வாய்க்கால் அழித்துவிடுகிறது. கொளுத்தும் கோடையில் உள்ளறை எப்படிக் குளிர்ந்திருக்கும் என்பதும் அப்போது விளங்கும்.

வடக்கே இருக்கும் இரு சகோதரிகள் மண்டபத்தில் மட்டும் தலையை நிமிர்த்துங்கள். 5,000-க்கும் மேற்பட்ட சிறு சுதைத் துண்டுகள் அடுக்கடுக்காக இறங்கும் தேனடை போன்ற கூரை. கீழே சுற்றிலும் ஜன்னல்கள் வைத்திருப்பதால் வெயில் நகர நகர நிழலும் நகர்கிறது.

தெற்கு மண்டபத்தில் இருக்கும் சிவப்புக் கறை உண்மையில் இரத்தமா?

அபென்செர்ரஹே என்ற குடும்பத்து வீரர்களை விருந்துக்கு அழைத்து அங்கே வெட்டிச் சாய்த்ததாகக் கதை. வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். கறை, தண்ணீரில் இருக்கும் இரும்பின் துரு.

சுவர் முழுக்க எழுதியிருப்பது என்ன?

மூன்று வகை: குர்ஆன் வசனங்கள், அரசவைக் கவிஞர்களின் பாடல்கள், நஸ்ரித் அரசர்களின் முழக்கம். "இறைவனைத் தவிர வெற்றியாளன் யாரும் இல்லை" என்ற அந்த முழக்கத்தைத் திரும்பும் இடமெல்லாம் பார்க்கலாம். ஒருமுறை வடிவத்தை மனதில் பதித்துக்கொண்டால் அரபு தெரியாதவர்களும் அடையாளம் கண்டுவிடலாம். அரபு வாசிக்கத் தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் சுவரோடு சுவராக நின்று எழுத்துக் கூட்டுவதற்கு நேரம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தண்ணீர் குன்றின் மேல் எப்படி வந்தது?

கீழே டாரோ ஆறு ஓடுகிறது. அங்கிருந்து இறைத்து ஏற்றுவது முடியாத காரியம். முதலாம் முகம்மது காலத்திலேயே, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் மேலே, ஆறு குன்றைவிட உயரத்தில் இருக்கும் இடத்தில் தடுத்து, மலைச்சரிவை ஒட்டியே வாய்க்கால் வெட்டினார்கள். வாட்டம் பார்த்து, மெல்ல மெல்ல இறக்கிக் கொண்டுவந்தார்கள். அரச வாய்க்கால் என்று பெயர். அது முதலில் ஹெனரலீஃபேக்கு வந்து, அங்கே தோட்டத்தின் நடுவாகவே ஓடி, பிறகு ஒரு பாலத்தின் மேல் மதிலைக் கடந்து அல்ஹம்ப்ராவுக்குள் நுழைகிறது. வாய்க்காலைவிட உயரத்தில் இருந்த நிலத்துக்கு மட்டும் கிணறு தோண்டி, சக்கரத்தால் இறைத்து, மேலே ஒரு குளத்தில் தேக்கினார்கள். மற்றபடி எல்லா ஊற்றுகளும் உயர வித்தியாசத்தாலேயே இயங்கின. வாய்க்கால் போனால் குன்று வெறும் வறண்ட பாறை. குளியல், தொழுகைக்கான சுத்தம், சமையல், காய்கறி எல்லாமே அந்த ஒரு வாய்க்காலை நம்பி இருந்தன.

ஹெனரலீஃபே தோட்டம் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறதா?

பாதி இருக்கிறது, பாதி இல்லை. அரசர்கள் அரண்மனையின் பரபரப்பிலிருந்து ஒதுங்கி வந்து இருந்த தோட்ட மாளிகை இது. அதைச் சுற்றி விளைநிலங்கள் இருந்தன, இன்றும் சில தட்டுகளில் காய்கறி போடுகிறார்கள்.

நீண்ட வாய்க்கால் முற்றத்தில் இருபுறமிருந்தும் வில்லாக வளைந்து விழும் நீர்த்தாரைகளைத்தான் எல்லா அஞ்சலட்டையிலும் பார்த்திருப்பீர்கள். அவை பிற்காலத்தில் சேர்த்தவை. நஸ்ரித் காலத்தில் தண்ணீர் அங்கே அடக்கமாக ஓடியது. 1958-இல் இங்கே நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு தோண்டிப் பார்த்தபோது, பழைய பாத்திகள் இப்போதைய தரைக்கு நன்றாகக் கீழே கிடைத்தன. மேலிருந்து நடந்து வந்தவர்களுக்குப் பூக்கள் காலடியில் விரித்த கம்பளமாகத் தெரிந்திருக்கும். நுழைவாயில் பக்கமுள்ள வெட்டிவிட்ட சைப்ரஸ் வேலிகளும் ரோஜாப் பாத்திகளும் 20-ஆம் நூற்றாண்டுத் தோட்டம். அழகுதான், ஆனால் அங்கேயே நேரத்தைச் செலவழித்துவிடாதீர்கள்.

மேலே ஏறுங்கள். அங்கே தண்ணீர்ப் படிக்கட்டு இருக்கிறது, என்னைக் கேட்டால் அல்ஹம்ப்ராவிலேயே மிகச் சிறந்த இடம் அதுதான். லாரல் மரங்கள் குடைபிடித்த படிகள். இருபக்கமும் கைப்பிடிச் சுவர். அந்தச் சுவரின் மேல்பக்கத்தைக் குடைந்து ஓடு பதித்து, அதில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கைப்பிடியில் கை வைத்தால் விரல்களுக்கு நடுவே மலைத் தண்ணீர் சில்லென்று ஓடும். படிதிருப்பம் ஒவ்வொன்றிலும் சிறு ஊற்று. ஆரவாரம் எதுவும் இல்லாமல் கண், காது, தோல் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் இதம் தருகிறது. கூட்டம் இருந்தால் ஓரமாக நின்று காத்திருந்தாவது நிதானமாக இறங்குங்கள்.

ஐந்தாம் சார்லஸ் அரண்மனை நடுவில் பொருந்தாமல் நிற்கிறது என்கிறார்களே?

1527-இல் தொடங்கியது, பெத்ரோ மச்சூகா என்ற கட்டடக்கலைஞரின் திட்டம். வெளியே சதுரம், உள்ளே வட்டம். பல நூற்றாண்டுகள் கூரையே இல்லாமல் கிடந்தது. பழைய அரண்மனையை நெருக்கிக்கொண்டு இவ்வளவு கனமான கட்டடத்தை வைத்தது வெற்றி பெற்றவரின் அதிகாரப் பேச்சு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே நேரத்தில் அந்த வட்ட முற்றம் தன்னளவில் அபாரம். தரைத்தளத்தில் இருக்கும் அல்ஹம்ப்ரா அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள், அங்கே ஓடுகளையும் சுதைத் துண்டுகளையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அரண்மனை ஏன் பல இடங்களில் சிதைந்திருக்கிறது?

1492-க்குப் பிறகு பராமரிப்பு படிப்படியாகக் குறைந்தது. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நெப்போலியனின் படை இங்கே தங்கியது, 1812-இல் கிளம்பும்போது சில கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தது. 1870-இல் தேசியச் சின்னமானது. 1923 முதல் 1936 வரை பொறுப்பிலிருந்த லெயோபோல்தோ தோர்ரெஸ் பால்பாஸ், புதிதாகக் கற்பனை செய்து ஒட்டாமல் இருப்பதைக் காப்பது என்ற வழியைப் பிடித்தார். நாம் இன்று பார்ப்பதில் அவர் உழைப்பு நிறைய இருக்கிறது. 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பர்தால் மாளிகையின் ஒரு மரக்கூரை ஜெர்மனிக்குப் போய்விட்டது, இப்போது பெர்லினில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியும் மே மாதமும். ரோஜா பூத்திருக்கும், வெயில் தாங்கும். அக்டோபரும் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் கிரனாடா 700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காலையில் நடுங்கும், மாலை ஆறு மணிக்கே மூடிவிடுவார்கள். டிசம்பர் 25, ஜனவரி 1 விடுமுறை.

வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. நடை அதிகம், சரளைப் பாதையும் படிகளும் உண்டு. சக்கர நாற்காலிக்குத் தனிப் பாதை குறித்திருக்கிறார்கள், அதில் எல்லா இடமும் வராது. அப்பா அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் அல்கசாபாவின் காவற்கோபுரத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தில் அவர்களைத் தோட்டத்தில் உட்கார வையுங்கள். குழந்தை வண்டியை அரண்மனைக்குள் தள்ளிப் போக விடமாட்டார்கள், அதனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கட்டும்.

படம் எடுக்கலாமா? பை கொண்டுபோகலாமா?

எடுக்கலாம், ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. பெரிய பைகளை வெளியே வைக்கச் சொல்வார்கள், சிறிய முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கிரனாடாவில் ஒரு நல்ல வழக்கம்: குடிக்க எதையாவது வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு உணவு இலவசமாக வரும். குளிர்பானம் கேட்டாலும் வரும். ஆனால் அதில் பன்றி இறைச்சி இருக்க வாய்ப்பு அதிகம். "ஸின் கார்னே, ஸின் ஹமோன், ஸின் பெஸ்காதோ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இறைச்சி, பன்றித்தொடை, மீன் வேண்டாம் என்று பொருள். கத்தரிக்காயை வறுத்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். ஹலால் தேடுகிறவர்களுக்கு கால்தெரெரியா தெருவைச் சுற்றி மொராக்கோ உணவகங்களும் தேநீர்க் கடைகளும் இருக்கின்றன.

அல்ஹம்ப்ராவைத் தாண்டி இன்னும் அரை நாள் இருக்கிறது. எங்கே போகலாம்?

எதிர்க் குன்றில் இருக்கும் அல்பைசின் பகுதிக்கு. அதே முஸ்லிம் காலத்துக் குறுகிய சந்துகள், வெள்ளைச் சுவர் வீடுகள். 1994-இல் இதையும் பாரம்பரியச் சின்னத்தில் சேர்த்தார்கள். சான் நிக்கொலாஸ் முற்றத்திலிருந்து அல்ஹம்ப்ரா முழுதாகத் தெரியும். சாயங்காலம் கூட்டம் நெருக்கும், காலையில் போனால் ஆற அமரப் பார்க்கலாம். இறங்கும் வழியில் டாரோ கரையோரம் 11-ஆம் நூற்றாண்டுக் குளியல் கூடமான பன்யுவேலோ இருக்கிறது, கூரையில் நட்சத்திர வடிவத் துளைகளோடு. நேரம் மிஞ்சினால் நகர நடுவே கத்தீட்ரலை ஒட்டிய அரச சிற்றாலயம். ஃபெர்டினான்டும் இசபெல்லாவும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். முதலில் அவர்களைப் புதைத்தது அல்ஹம்ப்ராவுக்குள் இருந்த பிரான்சிஸ்கன் மடத்தில். அந்த மடம் இப்போது அரசு நடத்தும் விடுதி, அதில் அறை எடுக்க விரும்பினால் மாதக்கணக்கில் முன்பதிவு தேவை.